ஆரத்தி நிறத்தில் ஒரு குடுவை

கண்ணாடி சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. கழுவி முடித்த குடுவைக்குள் கடைசியாக ஒரு தரம் வடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், ஊற்றிக் கவிழ்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எங்கோ பசை இருக்கிறது. மெல்லிய துணி நழுவுவதுபோல் ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். பதினோரு வருடமாக நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுதப் படிக்க வரும். நாலு பேர் முன்னால் பேசத்தான் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் உட்காராமல், சமையல்கட்டில் நின்றபடி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்த வேலை எனக்குப் பொருந்திப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கழுவும் தொட்டிக்கு முன்னால் சுவரைப் பார்த்து நின்றால் போதும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசுவதெல்லாம் காதில் விழும்.

பின்னால் இரண்டு மேசைகள். ஒன்று மன்னார்குடிப் பக்கத்துப் பெண்ணுடையது. அப்பாவுக்கு நெல் விவசாயம். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் என்னை அம்மா என்பாள், நான் அவளைப் பாப்பா என்பேன். எதிர் மேசை கூத்தாநல்லூர்த் தம்பியுடையது. அவன் வாப்பா துபாயில் கடை வைத்திருந்தார். அவனும் பட்டத்துக்குத்தான் படித்தான். இரண்டு பேருக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை. எனக்கு அது ரேடியோ மாதிரி.

பாப்பா செய்த ஆராய்ச்சி மூக்கைத் துளைக்கும். கந்தகம் கலந்த சாமான் அது. அழுகின பூண்டு வாசம். அவள் குடுவைகளை நான் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் கழுவுவேன். அப்படியும் சேலையில் ஏறிக்கொள்ளும். என் ஊர் திருவையாற்றுக்கு அந்தப் பக்கம். சாயங்காலம் ஐந்து பாலம் தாண்டி டவுன் பஸ்ஸில் போக வேண்டும். வெண்ணாற்றுப் பாலம் வருவதற்குள் கண்டக்டர் ஆரம்பித்துவிடுவார். "யாருங்க அது கருவாட்டுக் கூடையோட ஏறுனது? பின்னாடி போங்க!" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். நான்தான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்படி என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாள் அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவும் வராது.

"அம்மா, இந்தக் கந்தகச் சாமானையும் ஆறு மூலை வளையம் ஒண்ணையும் ஒட்ட வைக்கணும். மருந்து செய்யறவங்களுக்கு இந்த ஒட்டு ரொம்ப வேணும். சும்மா ஒண்ணாப் போட்டா ஒட்டாது. நடுவுல பலேடியம்னு ஒரு உலோகத்தைப் போடுவாங்க. அது ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சு சேர்த்து வச்சிட்டு விலகிக்கும். நம்ம ஊர்ல களத்துக்கு வர்ற நெல்லு வியாபாரி இல்லையா, அது மாதிரி."

எதிர் மேசையிலிருந்து சத்தம் வந்தது. "என் மேசை பலேடியத்த வியாபாரிங்கறியா? அப்ப உன் மேசைல யாரு?"

"எங்களுது நேரடிக் கொள்முதல்டா. நடுவுல ஆளே கிடையாது. நீல வெளிச்சம், ஒரு வெள்ளை உப்பு, அவ்வளவுதான்."

"அந்த உப்புல பொட்டாசியம் இருக்கே. அது உலோகம் இல்லாம கத்தரிக்காயா?"

"நீ சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கற? சோடியத்தையா கடிச்சு முழுங்கற? அது சும்மா உப்பா கரைஞ்சு கிடக்கும். சேர்த்து வைக்கற வேலை பார்க்காது."

அவன் சிரித்தான். நானும் சுவரைப் பார்த்தபடி சிரித்தேன்.

உலோகம் ஏன் வேண்டாம் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. என் தாய்வீட்டில் கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம்தான். உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்ததைக் கவனிக்காமல் புளி கரைத்தால் களிம்பு ஏறிவிடும். அந்த ரசத்தைச் சாப்பிட்டவர் இரவுக்குள் வாந்தி எடுப்பார். மருந்தும் அப்படித்தான். சேர்த்து வைத்துவிட்டு விலகும் உலோகம் முழுக்க விலகாது, துணுக்கு தங்கும். அதை மருந்திலிருந்து பிரித்தெடுப்பதே பெரிய வேலை, பெரிய செலவு. உள்ளேயே விடாமல் இருந்தால் பிரிக்கவும் வேண்டாம். மூன்று வருடம் பாப்பா அதற்குத்தான் உழைத்தாள். ஒட்டியும் காட்டிவிட்டாள். எல்லாவற்றையும் எழுதி வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்கள்.

தை மாதம் அங்கிருந்து பதில் வந்தது.

அவளுக்கு வழிகாட்டி ஒரு பேராசிரியர். கும்பகோணத்துக்காரர், பிளாஸ்கில் வீட்டுக் காபி கொண்டு வருவார், குரல் உயர்த்த மாட்டார். பதினோரு வருடத்தில் நான் அவரிடம் பேசியது வணக்கம் ஒன்றுதான். அன்று கையில் தாளோடு வந்து இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றார்.

"பத்திரிகைக்காரங்க கருத்துக் கேட்ட நிபுணர்கள்ல ஒருத்தர் நம்பலைம்மா. உங்க குடுவைல ஏற்கனவே உலோகம் ஒட்டியிருந்திருக்கும், காந்த மாத்திரையில ஒட்டியிருந்திருக்கும், அதுதான் வேலை செய்யுது, வெளிச்சம் இல்லைங்கறார்."

காந்த மாத்திரை என்று நாங்கள் சொல்வது, குடுவைக்குள் கிடந்து சுழன்று கலக்கும் வெள்ளைத் துண்டு. உள்ளே காந்தம், மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு. ஈயம் பூசின பாத்திரம் போலத்தான். பூச்சில் கீறல் விழுந்தால் அதில் எதுவும் போய் ஒளிந்துகொள்ளும்.

"சார், அவர் கேக்கறதுல தப்பு இல்ல" என்றான் எதிர் மேசைத் தம்பி. முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. "என் மேசைல பலேடியம். ரெண்டு மேசைக்கும் ஒரே தொட்டி."

ஒரே தொட்டி, கழுவுகிற கையும் ஒன்று. அதை யாரும் சொல்லவில்லை. மூன்று பேருமே என் பக்கம் திரும்பாமல் இருந்தார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. நான் கழுவின குடுவையில் தண்ணீர் படலமாக இறங்கும். அதில் மிச்சம் இருக்கிறது என்று கடல் தாண்டி ஒருவர் எழுதியிருக்கிறார்.

எல்லாம் புதிதாக வாங்கிச் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. புதுக் குடுவை, புது மாத்திரை, புதிதாகச் சீல் உடைத்த உப்பு. அதில் ஒட்டினால் அந்த மனிதருக்குப் பதில் சொல்லிவிடலாம். ஒட்டாவிட்டால் மூன்று வருட வேலைக்கு அர்த்தம் இல்லை. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், பாப்பாவுக்குப் பட்டமும் தள்ளிப்போகும். எத்தனை வருடம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பெட்டி வந்தது. உள்ளே ஆறு சின்னக் குடுவைகள். ஒன்றின் வாயோரம் வழியிலேயே சில்லு போயிருந்தது. "அது இருக்கட்டும், அஞ்சு போதும்" என்றாள் பாப்பா. "அம்மா, தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீங்க. பிரஷ் போடாதீங்க, அதுல கம்பி இருக்கு. வெறும் வடிநீர்ல மூணு தரம். வெளிப்பக்கம் கைரேகைகூட இருக்கக் கூடாது, வெளிச்சம் உள்ள போகணும்."

அப்படியே செய்தேன். அதற்கு மேலும் ஒன்று செய்தேன்.

எங்கள் பக்கத்தில் புதுச் சாமான் எதுவானாலும் முதல் உபயோகத்துக்கு முன் மஞ்சள் வைக்காமல் இருக்க மாட்டோம். குக்கராக இருக்கட்டும், கிரைண்டராக இருக்கட்டும், டிராக்டராகவே இருக்கட்டும். அதுவும் வெள்ளிக்கிழமை. அதுவும் ஒரு பெண்ணின் மூன்று வருடம் இந்த ஐந்து குடுவையில் அடங்கியிருக்கிறது. மஞ்சள் வைக்காமல் எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் யோசித்துத்தான் செய்தேன். குங்குமம் வேண்டாம் என்று விட்டேன். கடைக் குங்குமத்தில் என்ன கலந்திருப்பார்களோ, உலோகம் ஏதாவது இருந்துவிடக் கூடாது. மஞ்சள் எங்கள் கொல்லையில் விளைந்தது, கல்லில் உரசினது, என் பையில் சின்ன டப்பாவில் எப்போதும் இருக்கும். வெளிப்பக்கம் வைத்தால் வெளிச்சத்தை மறைக்கும். அதனால் ஒவ்வொன்றின் வாய்க்கு உள்ளோரத்தில், மூடி மறைக்கும் இடத்தில், மோதிர விரலால் ஒரு தொடுதல். கண்ணுக்கே தெரியாது. ஆறாவதுக்கு வைக்கவில்லை. உடைந்து பின்னமானதற்கு மஞ்சள் வைப்பது வழக்கம் இல்லை.

சூட்டுப் பெட்டியில் உலர்த்தி ஐந்தையும் அவள் கையில் கொடுத்தேன். "நல்லபடியா வரும் பாப்பா" என்றேன். நான் அவ்வளவு பேசியதே அவளுக்கு ஆச்சரியம்.

நீல விளக்குக்கு முன்னால் ஐந்து புதுக் குடுவையையும், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய குடுவை ஒன்றையும் சுழலவிட்டாள். மறுநாள் காலை நான் வந்தபோது மூன்று பேரும் விளக்கைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியை வெள்ளைத் தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டு விழுந்திருந்தால் தனியே ஒரு புள்ளி மேலே ஏறியிருக்கும்.

பழைய குடுவையின் துளி எப்போதும் போல் ஏறியிருந்தது. புதிய ஐந்தில் ஒன்றும் இல்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் புரிந்தது. பழையதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதர் எழுதினது சரி.

பேராசிரியர் தகட்டைக் கீழே வைத்தார். "இன்னிக்கு மதியம் எழுதிடறேன்மா. நாமளே திரும்ப வாங்கிக்கிறோம்னு. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்றதுதான் மரியாதை."

பாப்பா தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள். "சார், ஊர்ல அறுப்பு மெஷின் வந்திருக்கு. அப்பா தனியா நிக்கறாங்க. நான் போயிட்டு வரேன்." தொட்டியைக் கடக்கும்போது என்னிடம் நின்றாள். "அதையெல்லாம் கழுவி வச்சிடுங்கம்மா." அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. எதிர் மேசைத் தம்பி பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

ஐந்து குடுவையையும் தொட்டி மேடைக்குக் கொண்டு வந்தேன். பிளீச்சிங் தண்ணீரில் அமிழ்த்தப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. முதல் குடுவையின் வாயோரத்திலிருந்து உள்ளே ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. நூல் அகலம். இரண்டாவதிலும் இருந்தது. ஐந்திலும் இருந்தது. அடியில் மிஞ்சிக் கிடந்த திரவத்துக்கும் லேசான சிவப்புச் சாயல். நீல வெளிச்சத்தில் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைச் சேர்த்தால் வரும் சிவப்பு. எத்தனை பெண் மாப்பிள்ளைக்கு, எத்தனை பிள்ளை பெற்று வந்தவளுக்கு ஆரத்தி கரைத்திருப்பேன்! பாப்பாவின் வெள்ளை உப்பும் சுண்ணாம்பின் குணமுள்ளது என்று அப்போதே விளங்கிவிட்டது. என் மஞ்சள் வாயோரத்திலேயே நிற்கவில்லை. கரைந்து உள்ளே இறங்கியிருக்கிறது.

உலோகம் ஒரு துணுக்கு போகக் கூடாது என்று அவ்வளவு பார்த்தவள், மஞ்சளை விரலால் தொட்டு உள்ளே அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் ஒட்டவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பழைய குடுவைக்கும் புதுக் குடுவைக்கும் வித்தியாசம் உலோகம் மட்டும் இல்லை. மஞ்சளும் ஒரு வித்தியாசம். அது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாப்பா பஸ்ஸில் இருக்கிறாள். அவள் நம்பர் என்னிடம் இல்லை. மதியம் அவர் எழுதிவிடுவார்.

ஒரு குடுவையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவர் அறை வாசலுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போனேன். மறுபடி திரும்பினேன். இதைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம்கூட அவ்வளவு இல்லை. அந்த அறைக்குள் நுழைந்து வாயைத் திறக்க வேண்டுமே என்பதுதான்.

மூன்றாம் தடவை எதிர் மேசைத் தம்பி பார்த்துவிட்டான்.

"என்னம்மா, ஸ்வாமி சன்னிதி மாதிரி சுத்தி வர்றீங்க? லீவு வேணுமா? நான் கேட்டுத் தரவா?"

"இல்ல தம்பி. ஒண்ணு சொல்லணும்."

"எங்கிட்ட சொல்லுங்க, நான் போய்ச் சொல்றேன்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மஞ்சள் வைத்தது என் விரல். அதை இன்னொரு வாய் சொல்லக் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. "நானே சொல்றேன் தம்பி" என்றேன். அவன் கதவைத் தள்ளிவிட்டான்.

பேராசிரியர் நிமிர்ந்தார். "வாங்கம்மா. என்ன?"

குடுவையை அவர் மேசையில் வைத்தேன். "ஐயா, இது ஆரத்தித் தண்ணி நிறம்ங்க."

"என்னது?"

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா வர்ற நிறம்ங்க. மஞ்சள் நான்தாங்க வச்சேன். புதுச் சாமான்னு."

அவர் குனிந்து குடுவையின் வாயோரத்தைப் பார்த்தார்.

"உள்ளயா வச்சீங்க?"

"வாயோரம்ங்க. வெளியில வெளிச்சம் படணும்னு பாப்பா சொல்லுச்சு. அதான்."

"குங்குமம்?"

"வைக்கலீங்க. அதுல உலோகம் ஏதும் கலந்திருந்தா என்ன பண்றதுன்னு..."

அவர் வாய் கொஞ்சம் கோணிற்று. சிரிப்பு என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. "எங்க வீட்டுலயும் புது மிக்ஸிக்கு வைப்பாங்கம்மா. மேல வைப்பாங்க." குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் சட்டென்று என்னைப் பார்த்தார். "அஞ்சுக்கும் வச்சீங்களா?"

"அஞ்சுக்கும் வச்சேங்க. ஆறாவது பின்னம்ங்க. அதுக்கு வைக்கலை."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் டப்பாவை வாங்கி மேசையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்து, அதன் மேல் பாப்பாவின் மேசையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை உப்பில் ஒரு சிட்டிகையும் இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டார். பொட்டு ரத்தமாகச் சிவந்தது. வாசலில் நின்ற தம்பி, "யா அல்லாஹ்!" என்றான்.

"மஞ்சள் நீல வெளிச்சத்தைக் குடிச்சிடும்" என்றார் பேராசிரியர், அவனிடமா என்னிடமா என்று தெரியாமல். "அதுவும் போதாதுன்னு, ஓடி வந்து ஒட்டப் போற ஆளைக் கையைப் பிடிச்சு நிறுத்திடும். ரெண்டு வேலையும் செய்யும். இருக்கலாம். ஆனா இருக்கலாம்ங்கறது பத்தாது, செஞ்சு பார்க்கணும்." எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மூடினார். அதற்குள் ஊர் சேர்ந்திருந்த பாப்பாவைப் போனில் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க."

அவள் பக்கம் அறுப்பு மெஷின் சத்தம். நான் கத்தித்தான் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. மெஷினுக்கு மேலே அவள் குரல் வந்தது. "நான் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகக் கூடத்தைத் திறந்தார்கள். நானும் வந்தேன். முதலில் அவள் என் முன்னால் வந்து நின்றாள். கோபமாகத்தான் இருந்தாள். "பஸ்ஸுல மன்னார்குடி வரைக்கும் அழுதுகிட்டே போனேன்மா. பக்கத்து சீட்டு அக்கா சாவு வீட்டுக்குப் போறேன்னு நினைச்சு, யாரு போயிட்டாங்கன்னு கேட்டாங்க."

"தப்புதான் பாப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேக்க வராது பாப்பா எனக்கு."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். "சரி, அந்த டப்பாவை எடுங்க."

வேலை இரண்டாகப் பிரிந்தது. சில்லு போன ஆறாவது குடுவை ஒரு பக்கம்: புதியது, மஞ்சள் படாதது. மூடி சரியாகப் பொருந்தாததால் ரப்பர் அடைப்புப் போட்டாள். இன்னொரு பக்கம், எப்போதும் தவறாமல் ஒட்டவைக்கும் பழைய குடுவை. அதற்கு என்னையே மஞ்சள் வைக்கச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வச்ச மாதிரியே வைங்க. கூடவும் வேணாம், குறைச்சலும் வேணாம். அதே விரல்."

எதிர் மேசைத் தம்பி கைபேசியில் படம் எடுத்தான். "அம்மா, இப்ப நீங்களும் ஆராய்ச்சியாளர். எங்களை மாதிரி உங்களுக்கும் உதவித்தொகை வராது."

நான் மோதிர விரலால் தொட்டேன். பாப்பா நீல விளக்கைப் போட்டாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். பாப்பா எனக்கு முன்னால் வந்திருந்தாள். தகட்டைப் புள்ளி பார்க்கும் விளக்குக்குக் கீழே வைத்துவிட்டு, "நீங்க பாருங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பதினோரு வருடத்தில் அந்த விளக்குக்குக் கீழே நான் குனிந்ததில்லை. குனிந்தேன். இரண்டு துளி. ஒன்று தொடங்கின இடத்திலேயே கிடந்தது. இன்னொன்று பிரிந்து, மேலே தனிப்புள்ளியாக ஏறி நின்றது.

"ஒண்ணு ஏறியிருக்கு பாப்பா."

"எது?"

"வலது பக்கம்."

வலது பக்கம்தான் ஆறாவது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பூண்டு வாசம் எங்கள் இரண்டு பேர் மேலும் இருந்தது.

மஞ்சள் வைத்த பழைய குடுவை ஒன்றும் தரவில்லை. மஞ்சள் படாத புதுக் குடுவை, உலோகத்தைக் கண்ணாலும் பார்க்காதது, நிறையத் தந்திருந்தது. பின்னம் என்று நான் ஒதுக்கி வைத்தது அது.

ஒன்று போதாது என்று இன்னொரு பெட்டி வரவழைத்தார்கள். அதற்குள் எல்லாக் குடுவையிலும் உலோகம் இருக்கிறதா என்று வெளியே ஒரு இயந்திரத்தில் சோதிக்கவும் அனுப்பினார்கள். பழையவற்றையும் அனுப்பினார்கள். நான் கழுவினவை. இயந்திரம் கண்டுபிடிக்கும் அளவுக்கு எதிலும் உலோகம் இல்லை என்று முடிவு வந்தது. பேராசிரியர் அந்தத் தாளைக் கொண்டுவந்து கழுவும் தொட்டிக்கு மேல் சுவரில் ஒட்டினார். நான் நாள் முழுக்கப் பார்க்கும் சுவர் அது. "இது உங்களுக்கு வந்த கடிதம்மா" என்றார்.

இரண்டாவது பெட்டி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடுவைகளை வெளியே எடுத்துவிட்டு, காலி அட்டைப் பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து அலமாரி மேல் தூக்கி வைத்தேன். தம்பி கைதட்டினான். அந்த ஆறு குடுவையிலும் ஒட்டு விழுந்தது.

ஆராய்ச்சி நோட்டில் ஒவ்வொரு நாள் வேலைக்குக் கீழும் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும், பார்த்தவர் ஒருவரும் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பேராசிரியர் என் முன்னால் விரித்தார். "கழுவினவங்க, மஞ்சள் வச்சவங்க, பார்த்தவங்க, மூணும் நீங்கதான். போடுங்க." சம்பளத் தாளில் போடுவதுபோல் சுருக்கமாகப் போடப் போனேன். பாப்பா, "முழுப் பேரும் போடுங்கம்மா" என்றாள். ஐந்து எழுத்து. பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரி நிறுத்தி எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் பதிலோடு சேர்த்து அனுப்பினார்கள். இங்கிலீஷுக்கு நடுவில் என் தமிழ்க் கையெழுத்து அந்த மனிதரிடம் போயிற்று.

அவர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார்: மஞ்சள் விஷயத்தையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்கும் பயன்படும் என்று. பாப்பா எனக்கு அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டினாள். "மஞ்சள் தடவிய பழைய குடுவை: விளைச்சல் இல்லை." விளைச்சல் என்றா எழுதுவீர்கள் என்று கேட்டேன். ஆமாம், எங்கள் அப்பா சொல்கிற அதே விளைச்சல்தான் என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் வழக்கம்போல் ஆரம்பித்தார். "யாருங்க கருவாடு?"

"நான்தாங்க" என்றேன். "கருவாடு இல்ல. கந்தகம். மருந்து செய்யற இடத்துல வேலை பாக்கறேன்." அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பாப்பா பட்டம் வாங்கி இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். எதிர் மேசையிலும் வேறு ஆள். சில்லு போன குடுவை தொட்டி மேடையில் என் பக்கம் நிற்கிறது. அதில் யாரும் வேலை செய்வதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் அதையும் எடுத்துக் கழுவுகிறேன், வடிநீர் ஊற்றிக் கவிழ்க்கிறேன். தண்ணீர் அந்தச் சில்லின் ஓரத்தில்கூட நிற்காமல் ஒரே படலமாக இறங்குகிறது. மஞ்சள் மட்டும் அதற்கு இன்றுவரை வைக்கவில்லை.